ஆழமறிந்து காலிடுவோம்: நிலத்தடி இரயில் பாதையும் செலவு மதிப்பீடும்

'வீட்டைக் கட்டிப் பார். கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்பது நம் முன்னோர் பட்டறிந்து சொன்ன மொழி. கையிருப்பைக் கணக்கிட்டு, கொத்தனாரையும் தச்சரையும் கலந்து, 'இவ்வளவுதான் ஆகும்' என்று துணிந்து கடைக்கால் தோண்டியவர்கள், கூரை போடும் நாளில் கடன் கேட்டு அலைந்த கதையை ஊர்தோறும் கேட்கலாம். கண்ணுக்குத் தெரியும் மனையில், நாம் அறிந்த மண்ணில் எழுப்பும் ஒரு வீட்டுக்கே இந்நிலை. அங்ஙனமாயின் ஒரு மாநகரின் அடியில், எவர் கண்ணும் காணாத ஆழத்தில் அமையவிருக்கும் இரயில் பாதைக்கு ஆகும் செலவை முன்கூட்டியே சொல்வது எத்துணை அரிய செயல் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் பொறியியல் கணக்கு எதற்கு என்று மாணவர் சிலர் வினவக்கூடும். ஆவதையும் அழிவதையும் எண்ணித் தெளிந்த பின்னரே ஒரு செயலில் இறங்க வேண்டும் என்பதை உணர்த்த, வள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதனைப் பொருட்பாலில் அரசியலில் வைத்தார். செலவை எண்ணுதல் கணக்கரின் தொழில் என்று அவர் ஒதுக்கிவிடவில்லை; ஆள்வோரின் கடமை என்றே கொண்டார். ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களிடம் இருக்கும் இக்காலத்தில் அக்கடமையில் நமக்கும் பங்குண்டு. ஆகவே, நிலத்தடி இரயில் பாதையின் செலவு எவ்வாறு மதிப்பிடப்படுகிறது, அம்மதிப்பீடு எங்கே பிழைபடுகிறது என்பதைக் கொல்கத்தா நகரின் இரு பாதைகளை முன்வைத்து இக்கட்டுரையில் காண்போம்.

முதற்பாதை தந்த பாடம்

இந்தியாவின் முதல் நிலத்தடி இரயில் பாதை, அந்நாளில் கல்கத்தா என வழங்கிய கொல்கத்தாவில்தான் அமைந்தது. 1972ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி அதற்கு அடிக்கல் நாட்டினார். டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை ஏறத்தாழ 16.5 கிலோமீட்டர் நீளம். தொடக்க மதிப்பீடு ஏறத்தாழ 140 கோடி ரூபாய். 1984 அக்டோபர் 24ஆம் நாள் எஸ்பிளனேடு முதல் பவானிப்பூர் வரை 3.4 கிலோமீட்டர் தொலைவுக்கு முதல் வண்டி ஓடியது. முழுப் பாதையும் நிறைவெய்தியது 1995 செப்டம்பரில். அப்போது மொத்தச் செலவு தொடக்க மதிப்பீட்டைப் போலப் பத்து மடங்கிற்கும் மேலாகியிருந்தது.

இதனைக் கேட்டவுடன், 'பணம் எங்கே போயிற்று?' என்று ஐயுறுவது இயல்பு. ஆனால் காலத்தாழ்வுக்கான காரணங்களை நோக்கினால் வேறொரு தெளிவு பிறக்கும். 1977–78 வரை போதிய நிதி ஒதுக்கப்படவில்லை. சாலைக்கு அடியில் கிடந்த குடிநீர்க் குழாய்களையும் கழிவுநீர்ச் சாக்கடைகளையும் மின், தொலைபேசிக் கம்பிகளையும் இடம் மாற்ற வேண்டியிருந்தது. நீதிமன்றத் தடையாணைகள் குறுக்கிட்டன. கட்டுமானப் பொருள்கள் தடையின்றி வந்து சேரவில்லை. இவற்றுள் ஒன்றேனும் சுரங்கம் தோண்டும் கலையைச் சார்ந்ததன்று என்பது நோக்கத்தக்கது. பொறியியல் வினாக்களுக்குப் பொறியாளர் விடை கண்டனர். அவற்றைச் சூழ்ந்து நின்ற வினாக்களே காலத்தை விழுங்கின.

மண்ணைப் படித்தல்

நல்ல மதிப்பீடு மண்ணிலிருந்து தொடங்குகிறது. பாதை செல்லவிருக்கும் வழி நெடுகிலும் இடைவெளி விட்டு ஆழத் துளையிட்டு, ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் மண்ணை எடுத்து ஆய்கின்றனர். களிமண்ணா, மணலா, பாறையா, நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்னும் வினாக்களுக்கு விடை தெரிந்தாலொழிய, எந்த இயந்திரம் வேண்டும், நாளொன்றுக்கு எத்தனை மீட்டர் நகர முடியும், சுவர் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்பவற்றை முடிவு செய்ய இயலாது. ஆயினும் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடைப்பட்ட மண் எப்படியிருக்கும் என்பது அறிவார்ந்த ஊகமே. மருத்துவர் ஒரு துளிக் குருதியைக் கொண்டு உடல் முழுமையையும் கணிப்பதை ஒத்தது இது.

கொல்கத்தாவின் இரண்டாம் நிலத்தடிப் பாதையான கிழக்கு–மேற்குப் பாதை இதற்கு ஏற்ற சான்று. இது ஊக்ளி ஆற்றைக் கீழாகக் கடக்கிறது. இந்தியாவில் ஓர் ஆற்றின் படுகைக்கு அடியில் மெட்ரோ வண்டி செல்லும் முதற்பாதை இதுவே. ஆற்றுக்குக் கீழே அமைந்த சுரங்கத்தின் நீளம் ஏறத்தாழ 520 மீட்டர். பலரும் அஞ்சியது அந்த 520 மீட்டரைத்தான். ஆனால் 2017ஆம் ஆண்டில் இரு சுரங்கங்களும் ஆற்றை இடரின்றிக் கடந்துவிட்டன. இடர் வந்தது ஆற்றிலன்று, ஊருக்குள். 2019 ஆகஸ்டு இறுதியில் பௌபஜார் பகுதியில், துளைக்கும் இயந்திரம் நீர் தாங்கிய மண்ணடுக்கு ஒன்றைத் தாக்கவே, சுரங்கத்தினுள் நீரும் மணலும் பாய்ந்தன. மேலே நிலம் தாழ்ந்தது. பழைய வீடுகள் சில இடிந்து விழுந்தன. பல வீடுகள் விரிசல் கண்டன. நூற்றுக்கணக்கானோர் உடுத்த உடையோடு வெளியேற நேர்ந்தது. 2022ஆம் ஆண்டிலும் அப்பகுதி வீடுகளில் மீண்டும் விரிசல்கள் தோன்றின.

இப்பாதைக்கு 2008இல் ஒப்புதல் பெற்ற மதிப்பீடு ஏறத்தாழ 4,875 கோடி ரூபாய். 2020இல் நடுவண் அமைச்சரவை ஏற்ற திருத்திய மதிப்பீடு ஏறத்தாழ 8,575 கோடி ரூபாய். பாதையின் ஒரு பகுதி இடையில் வேறு வழிக்கு மாற்றப்பட்டது. அதனால் நீளமும் கூடியது, காலமும் நீண்டது. 2009இல் தொடங்கிய பணி 2020இல் ஒரு பகுதியைத் திறந்து, 2024 மார்ச்சில் ஆற்றைக் கடந்து, 2025 ஆகஸ்டில்தான் முழுமை பெற்றது. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்னும் பழமொழி இங்கு உவமையாக நில்லாமல் நேர்ப்பொருளாகவே நிற்கிறது.

வெட்டி மூடலும் துளைத்துச் செல்லலும்

நிலத்தடிப் பாதையை அமைக்க இருவழிகள் உண்டு. சாலையைத் திறந்து வெட்டி, உள்ளே கான்கிரீட்டால் பெட்டி போன்ற பாதையைக் கட்டி, மீண்டும் மண்ணிட்டு மூடுவது ஒன்று. 1863இல் இலண்டனில் திறக்கப்பட்ட உலகின் முதல் நிலத்தடி இரயில் பாதை இம்முறையில்தான் அமைந்தது. கொல்கத்தாவின் முதற்பாதையும் பெரும்பாலும் இவ்வாறே அமைந்தது. பெல்காச்சியாவுக்கும் ஷியாம்பஜாருக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் மட்டும் கால்வாய்க்கும் இரயில் தடங்களுக்கும் அடியில் குடைந்து செல்லப்பட்டது. நிலத்திற்கு மேலே எதையும் தொடாமல், இயந்திரத்தால் உள்ளேயே துளைத்துச் செல்வது மற்றொரு வழி. அண்மைக் காலப் பாதைகள் பெரும்பாலும் இம்முறையையே மேற்கொள்கின்றன.

வெட்டி மூடும் முறை பார்வைக்கு மலிவு. ஆனால் அது சாலையை ஆண்டுக்கணக்கில் மூடிவிடுகிறது. ஓரத்துக் கடைக்காரரின் வாணிகம் நலிகிறது. பேருந்துகள் சுற்றிச் செல்கின்றன. மருத்துவமனைக்கு விரையும் வண்டி நின்று தவிக்கிறது. இச்செலவுகள் ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரியாகவும் இடம்பெறுவதில்லை. ஆனால் ஒருவர் அவற்றைச் செலுத்தியே தீர்கிறார். கணக்கேட்டில் பெயர் இல்லாதவர் அவர். எனவே இம்முறைகளுள் எது மலிவானது என்னும் வினாவோடு 'யாருக்கு மலிவு?' என்னும் வினாவையும் சேர்த்தே எழுப்ப வேண்டும்.

பாதையை விட நிலையமே பெரிது

நிலத்தடி இரயில் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது நீண்ட சுரங்கம். ஆனால் செலவின் பெரும்பகுதி பல நேரங்களில் நிலையங்களில் அடங்கியுள்ளது. இதனை ஓர் எளிய கணக்கால் விளக்குவோம்.

6.6 மீட்டர் வெளி விட்டம் கொண்ட ஒரு வட்டச் சுரங்கத்தைக் கொள்வோம். அதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 34 சதுர மீட்டர். போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என இரு சுரங்கங்களுக்கு 68 சதுர மீட்டர். ஒரு கிலோமீட்டர் நீளத்திற்குத் தோண்டியெடுக்கும் மண் 68,000 கன மீட்டர். இனி, 220 மீட்டர் நீளமும் 22 மீட்டர் அகலமும் 18 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு நிலையத்தைக் கொள்வோம். அதற்குத் தோண்ட வேண்டிய மண் 87,000 கன மீட்டருக்கும் மேல். அதாவது ஒரு கிலோமீட்டர் தூரம் செல்லும் இரு சுரங்கங்களையும் சேர்த்தாலும் ஒற்றை நிலையத்தின் குழிக்கு ஈடாகவில்லை. தோண்டிய குழி சரியாமல் காக்கும் ஆழச் சுவர்கள், பல தளங்கள், படிக்கட்டுகள், மின்தூக்கிகள், காற்றோட்டக் கருவிகள், தீயணைப்பு ஏற்பாடுகள் ஆகியன அதற்கு மேற்பட்டவை.

நிலையம் ஆழமாக ஆகச் செலவும் ஏறும். நீளமாக ஆக இன்னும் ஏறும். நியூயார்க்கு நகரில் 2017 ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்ட இரண்டாம் நிழற்சாலைப் பாதையின் முதற்கட்டம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர்தான். புதிய நிலையங்கள் மூன்றே. ஆனால் செலவோ ஏறத்தாழ 445 கோடி டாலர். பாறையைக் குடைந்து மிகப் பெரிய நிலையங்களை அமைத்தமை அப்பெருஞ்செலவின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று.

இதனால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சொல்லும் கணக்கை நாம் விழிப்போடு கேட்க வேண்டும். நம் சென்னையையே நோக்குவோம். 2024 அக்டோபரில் நடுவண் அரசு ஒப்புதல் அளித்த சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் நீளம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 532 கோடி ரூபாய் வரும். ஆனால் அப்பாதையின் ஒரு பகுதி தூண்களின் மேலும், மற்றொரு பகுதி நிலத்தின் கீழும் செல்வது. ஆதலின் அந்தச் சராசரி மேலே செல்லும் பாதைக்கு மிகை. கீழே செல்லும் பாதைக்குக் குறை. சராசரி ஆழம் முழங்காலளவு என்று கேட்டு ஆற்றில் இறங்கியவன் நடுவில் மூழ்கிய கதையே இதிலும் உண்டு.

காலம் என்னும் செலவு

மண், சுவர், இயந்திரம், வண்டி, மின்கருவி ஆகிய அனைத்தையும் எண்ணியபின்னும் ஒரு பெருஞ்செலவு எஞ்சி நிற்கிறது. அதுவே காலம். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுவதாக வைத்துக்கொள்வோம். இன்று 100 ரூபாயில் முடியும் வேலை பத்தாண்டு கழித்து ஏறத்தாழ 179 ரூபாய் கேட்கும். 8 விழுக்காடு எனக் கொண்டால், கொல்கத்தாவின் முதற்பாதைக்கு ஆன 23 ஆண்டுகளில் விலை ஏறத்தாழ ஆறு மடங்காகும். செலவனைத்தும் இறுதியாண்டில் நிகழ்வதில்லை என்பதால் இதனை அப்படியே பெருக்கிவிடக் கூடாது. ஆயினும் 'பத்து மடங்கு' என்னும் அதிர்ச்சிச் சொல்லுக்குள் காலத்தின் பங்கு எவ்வளவு பெரிது என்பது இதனால் விளங்கும்.

வட்டியும் காலத்தின் பிள்ளையே. பாதைக்குக் கடன் வாங்கினால், முதல் பயணச்சீட்டு விற்கும் முன்னரே வட்டி வளரத் தொடங்குகிறது. மேலும், பணி நின்றாலும் செலவு நிற்பதில்லை. காவலர், பொறியாளர், நீரிறைக்கும் எந்திரங்கள், வாடகைக் கருவிகள் ஆகியவற்றுக்கு நாள்தோறும் பணம் கொடுத்தாக வேண்டும்.

சுரங்கம் முடிந்தால் வேலை முடிந்தது என்று எண்ணுவதும் தவறு. இலண்டனின் எலிசபெத் பாதைக்குச் சுரங்கம் துளைக்கும் பணி 2015இலேயே முடிந்துவிட்டது. 2018 டிசம்பரில் வண்டி ஓடும் என்றனர். ஆனால் நிலையங்களைச் செப்பனிட்டு முடிப்பதும், சைகைக் கருவிகளையும் வண்டிகளையும் கணிப்பொறி நிரல்களையும் ஒன்றோடொன்று இசைவிப்பதும் எண்ணியதினும் கடினமாக இருந்தன. பாதை திறக்கப்பட்டது 2022 மே 24ஆம் நாள். 2010இல் 1,480 கோடி பவுண்டு என வரையறுத்த செலவு, முடிவில் ஏறத்தாழ 1,900 கோடி பவுண்டை எட்டியது. மண்ணுக்கு அஞ்சியவர்கள் மென்பொருளுக்கு அஞ்ச மறந்தனர் எனலாம்.

ஏன் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகின்றனர்?

மதிப்பீட்டில் பிழை நேர்வது இயல்பு. ஆனால் இயல்பான பிழையாயின், பாதி மிகையாகவும் பாதி குறையாகவும் இருத்தல் வேண்டுமன்றோ? டென்மார்க்கைச் சேர்ந்த பேராசிரியர் பெந்த் ஃபிளூபியரும் அவர்தம் குழுவினரும் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான விடையைத் தந்தது. இரயில் திட்டங்களின் உண்மைச் செலவு, மதிப்பீட்டைக் காட்டிலும் சராசரியாக ஏறத்தாழ 45 விழுக்காடு மிகுந்திருந்தது. தராசு ஒரே பக்கம் சாய்ந்தால் அதனைத் தற்செயல் என்று கொள்ள முடியாது.

இதற்கு இரு காரணங்களைக் கூறலாம். எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நம்பும் மனித இயல்பு ஒன்று. குறைந்த தொகையைச் சொன்னால்தான் ஒப்புதல் கிடைக்கும். தோண்டத் தொடங்கிவிட்டால் பாதியில் எவரும் நிறுத்தமாட்டார் என்னும் சூழ்ச்சி மற்றொன்று. முன்னது பேதைமை, பின்னது வஞ்சனை. மக்களுக்கு இரண்டின் விளைவும் ஒன்றே.

பேதைமைக்கு மருந்து உண்டு. 'நம் திட்டம் தனித்தன்மை வாய்ந்தது' என்று உள்ளிருந்து கணக்கிடுவதோடு அமையாமல், இதுபோன்ற பாதைகள் பிற நகரங்களில் மெய்யாகவே எவ்வளவு செலவில், எத்தனை ஆண்டில் முடிந்தன என்று வெளியிலிருந்தும் நோக்க வேண்டும். அவ்வனுபவத்திற்கு ஏற்ப எதிர்பாராச் செலவுக்கென ஒரு தொகையை வெளிப்படையாக ஒதுக்க வேண்டும். இதனைச் செய்யாத மதிப்பீடு, மழைக்காலமே வாராது என்று நம்பிக் களத்தில் நெல்லைக் குவிப்பதற்கு ஒப்பாகும்.

அதற்காகத் தொகையை வேண்டுமென்றே பெருக்கிச் சொல்வதும் நன்றன்று. ஒதுக்கிய பணம் செலவாகியே தீரும் என்பது பொதுப்பணியில் கண்ட உண்மை. மிகைத் தொகையைக் கண்டு அஞ்சி, தேவையான பாதையைக் கைவிடுவதும் நேரும். 1990களின் பிற்பகுதியில் மாட்ரிட் நகரம் பல கிலோமீட்டர் நிலத்தடிப் பாதையைப் பிற நகரங்கள் வியக்கும் குறைந்த செலவில் அமைத்தது. ஒரே மாதிரியான எளிய நிலைய அமைப்பு, பல இயந்திரங்கள் ஒருசேரத் துளைத்த வேகம், விரைந்து முடிவெடுக்கும் அனுபவமிக்க பொறியாளர் குழு, ஒப்பந்ததாரரைத் தேர்வதில் விலையை மட்டும் பாராத போக்கு ஆகியன அதன் பின்னணியில் இருந்தன. செலவு என்பது தலைவிதியன்று. திட்டமிடுவோர் எடுக்கும் முடிவுகளின் கூட்டுத்தொகை என்பதை இது மெய்ப்பிக்கிறது.

நாம் கேட்க வேண்டிய வினாக்கள்

ஒரு நகரில் நிலத்தடிப் பாதை வரவிருக்கிறது, இத்தனை ஆயிரம் கோடி ஆகும் என்று செய்தித்தாளில் படிக்கும்போது, பொறியியல் கல்லாத நாமும் கேட்கக்கூடிய வினாக்கள் சில உள. இத்தொகை எந்த ஆண்டின் விலையில் கணக்கிடப்பட்டது? விலையேற்றமும் வட்டியும் நிலத்தின் விலையும் வண்டிகளின் விலையும் இதனுள் அடங்குமா? எத்தனை கிலோமீட்டர் நிலத்தின் கீழே? எத்தனை நிலையங்கள், எவ்வளவு ஆழத்தில்? மண்ணாய்வு முடிந்தபின் சொன்ன தொகையா, முடியும் முன் சொன்னதா? எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கியது எவ்வளவு? பாதையின் மேலே வாழ்வோர்க்கும் வாணிகம் செய்வோர்க்கும் நேரும் இழப்பு எக்கணக்கில் எழுதப்பட்டுள்ளது?

கல்லூரிக்கு ஒரு கட்டடம் எழுப்பும்போது, கட்டடக் குழுவில் அமர்ந்த பெரியவர்கள் செங்கல்லின் விலை முதல் தச்சுக் கூலி வரை கேட்டுத் தெளிந்த பின்னரே கையொப்பமிடுவர். பிறர் தந்த பணம் என்பதால் அவ்விழிப்பு. நாட்டின் பணமும் பிறர் தந்த பணமே. மாணவர்களுள் சிலர் நாளை ஆட்சிப் பணியில் அமரக்கூடும். சிலர் செய்தியாளராகவோ தணிக்கையாளராகவோ ஆகக்கூடும். எஞ்சிய அனைவரும் வாக்களிப்பர். அவர்கள் அனைவர்க்கும் இவ்விழிப்பு வேண்டும்.

மதிப்பீடு என்பது வெறும் எண்ணன்று. ஆட்சி மக்களுக்குத் தரும் வாக்கு. அவ்வாக்கில் தெரிந்ததைத் தெரிந்ததென்றும், தெரியாததைத் தெரியாததென்றும் சொல்லும் நேர்மை இருத்தல் வேண்டும். கொல்கத்தாவின் முதற்பாதை மதிப்பீட்டை மீறியது. ஆயினும் அது அமைந்திராவிடில் அந்நகரின் நெரிசல் இன்னும் கொடியதாக இருந்திருக்கும். நாள்தோறும் பல்லாயிரவர் அதில் பயணம் செய்கின்றனர். ஆகவே செலவுக்கு அஞ்சிப் பாதையை வேண்டாமென்று கூறுதல் நம் கருத்தன்று. பௌபஜாரில் ஓரிரவில் வீட்டை இழந்தோரின் துயரும், வரி செலுத்துவோரின் உழைப்பும், பாதைக்காகக் காத்திருப்போரின் காலமும் தோண்டும் முன்னரே எண்ணப்படல் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது. ஆழமறிந்து காலிடும் நாடு இடறினும் எழும். அறியாது இறங்கும் நாட்டை அதன் கடனே மூழ்கடிக்கும்.